ஆப்பிரிக்காப் பக்கத்தில் ஒரு புள்ளி

செக் கேஸ் என்றாலே வக்கீல்களுக்குக் கொஞ்சம் இளப்பம்தான். செக், ரிட்டர்ன் மெமோ, நோட்டீஸ் நகல், தபால் ரசீது, ஒப்புகை அட்டை. ஐந்து காகிதத்தை வரிசையாக அடுக்கிவிட்டால் வழக்கு தன்பாட்டுக்கு ஓடும். ஜூனியரை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம். 2007-ல் அந்தப் பெரியவர் என்னிடம் வந்தபோதும் அப்படி நினைத்துத்தான் வக்காலத்தை நீட்டினேன். அதற்காக மூன்று வருஷம் மொராக்கோ வரைபடத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டியிருக்கும் என்று அன்றைக்கு யார் கண்டது?

டெல்டாவில் எங்கள் ஊர் ஒரு தாலுகா தலைநகர். கோர்ட், சப்-ஜெயில், கருவூலம் எல்லாம் ஒரே மதிலுக்குள். பெரியவர் பக்கத்துக் கிராமம். இருந்த நிலத்தில் பாதியை விற்று, மீதியை அடமானம் வைத்து, ஐ.டி.ஐ. படித்த ஒரே மகனை வெளிநாடு அனுப்ப ஒரு ஏஜெண்டிடம் ஆறரை லட்சம் கட்டியிருந்தார். இருபது ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில் ஒப்பந்தம். ஏஜெண்டு கெட்டிக்காரர், ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தார். மகனை ஸ்பெயின் நாட்டுக்கு அனுப்பி வைப்பதாகவும், பையன் போய்ச் சேர்ந்த தகவல் வந்ததும் கடைசித் தவணை ஒன்றரை லட்சம் தரவேண்டும் என்றும். வேலை, சம்பளம், விசா பற்றி ஒரு சொல் கிடையாது.

மகன் 2004 கடைசியில் கிளம்பினான். இரண்டு வருஷம் கழித்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் பையோடு டெல்லியில் விமானத்தை விட்டு இறங்கினான். ஊரில் பஞ்சாயத்து நடந்தது, பிறகு ஸ்டேஷனில் பேச்சு நடந்தது. ஏஜெண்டு நான்கு லட்சத்துக்கு ஒரு செக் எழுதிக் கொடுத்தார். கணக்கில் பணமில்லை என்று அது திரும்பிவிட்டது.

சட்டப்படி நோட்டீஸ் அனுப்பினேன். வழக்கமாக இந்த மாதிரி நோட்டீசுக்கு வரும் பதில், 'செக் காணாமல் போனது', 'கையெழுத்து என்னுடையதல்ல', 'மிரட்டி வாங்கினார்கள்' ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். இங்கேயும் மிரட்டல் கதை இருந்தது. ஆனால் அதற்குமேல் ஒரு பத்தி. ஏஜெண்டு ஒப்பந்தப்படி பையனை ஸ்பெயின் நாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். சேர்ந்ததைத் தகப்பனாரே ஒப்புக்கொண்டு கடைசித் தவணையையும் கட்டியிருக்கிறார். ஆகவே திருப்பித் தரவேண்டிய கடன் என்று எதுவுமே இல்லை.

பையனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, நீ ஸ்பெயினுக்குப் போனியா, இல்லையா?"

"போனேன் சார்." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "ஆனா போகல சார்."

இருபத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு. அந்த ஒல்லிதான் அவனுக்கு உதவியது என்று பிறகு புரிந்தது. விமானத்தில் மாலியின் தலைநகர் பமாகோ வரை. அங்கிருந்து பிக்கப் வண்டியில் சகாரா. அல்ஜீரியாவின் மக்னியா, எல்லை தாண்டி மொராக்கோவின் உஜ்தா, கடைசியாக நாதோர் என்ற ஊர். ஊருக்கு ஊர் ஆள் மாறுவார்கள்; ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில வாரம், சில மாதம் அறையில் அடைப்பு. 2005 ஜூலையில் ஒரு நாள் விடியற்காலை, பழைய மெர்சிடிஸ் கார் ஒன்றின் டேஷ்போர்டைக் கழற்றி, அதற்குப் பின்னால் இவனை மடக்கி வைத்து மறுபடி மூடினார்கள். முழங்கால் மோவாயில். எஞ்சின் சூடு வலது கெண்டைக்காலில். எல்லைச் சாவடி வரிசையில் கார் நின்று நின்று நகர்ந்தது. கத்தினால் போச்சு. வாயில் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தானாம். வேட்டியைச் சற்றுத் தூக்கி அந்தத் தழும்பைக் காட்டினான். இஸ்திரிப் பெட்டியின் முனை பட்டது போல, கறுத்து வழவழவென்று இருந்தது.

திறந்து வெளியே எடுத்ததும் டிரைவர் அவன் தோளில் தட்டி, "எஸ்பான்யா! எஸ்பான்யா!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தெருவில் மஞ்சள் தபால் பெட்டி, ஸ்பானிஷ் போர்டு, சிவப்பு மஞ்சள் சிவப்புக் கொடி. ஒரு பூத்திலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டான்: "ஸ்பெயின் வந்துட்டேம்பா." அப்பா அன்றைக்கே கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, மறுநாள் ஒன்றரை லட்சத்தைக் கொண்டுபோய் ஏஜெண்டு மேஜையில் வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம், காகிதமில்லாமல் வந்தவர்களைத் தங்கவைக்கும் முகாமுக்குப் போனான். அங்கிருந்த பங்களாதேஷ் ஆள் ஒருவர்தான் விஷயத்தை உடைத்தார். இது மெலில்லா. கொடி ஸ்பெயின் கொடி, மண் ஆப்பிரிக்கா மண். பார்சிலோனா, மாட்ரிட் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே போகக் கப்பல் உண்டு. கப்பலில் ஏறும் முன் போலீஸ் காகிதம் கேட்கும்.

பதினாறு மாதம் அந்த ஊரில் இருந்தான். அதற்குமேல் நடக்க அங்கே இடமும் இல்லை. ஊரின் மொத்தப் பரப்பே சுமார் 12 சதுர கிலோமீட்டர்.

அப்போது எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரே ஒரு பிரௌசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். பரீட்சை ரிசல்ட் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோட்டுக்காரர் உட்கார்ந்து ஆப்பிரிக்க வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருப்பதை அந்தக் கடைப்பையன் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தான்.

படிக்கப் படிக்க எனக்குச் சங்கடம்தான் கூடியது. ஏஜெண்டு சொல்வது சரியாக இருந்தது.

மெலில்லாவை ஸ்பானியர்கள் பிடித்தது 1497-ல். கொலம்பஸ் முதல் பயணம் போய் வந்து ஐந்து வருஷம்கூட நிறையவில்லை. இன்றைய மொராக்கோ அரச வம்சமே அதற்குப் பல தலைமுறை பிந்தியது. மேற்கே ஜிப்ரால்டர் நீரிணை ஓரத்தில் செயுத்தா என்று இன்னொரு ஊர். 1415-ல் போர்ச்சுகீசியர் பிடித்தது. 1640-ல் போர்ச்சுகல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்தபோது அந்த ஊர் மட்டும் ஸ்பெயின் பக்கமே நின்றுகொண்டது. 1668 உடன்படிக்கையில் அது சட்டமாகவும் ஆனது. இவை போக, அதே கரையோரம் சில பாறைத்தீவுகள். பட்டாளத்தார் தவிர வேறு யாரும் குடியில்லை. அதில் ஒன்று 1930-களில் மணல் சேர்ந்து கரையோடு ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் அங்கே எண்பத்தைந்து மீட்டரில் ஒரு தரை எல்லை! எங்கள் கோர்ட் வளாகத்து மதில் அதைவிட நீளம்.

மெலில்லாவின் எல்லை எப்படி வரையப்பட்டது என்று படித்தபோது, சர்வேயர் கமிஷன் வழக்குகளில் நொந்துபோன எனக்குச் சிரிப்பு வந்தது. சங்கிலி பிடித்து அளக்கவில்லை. 1862-ல் கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்து, குண்டு போய் விழுந்த தூரத்தை வைத்து எல்லையைக் குறித்திருக்கிறார்கள். வரைபடத்தில் ஊர் அரைவட்டமாக விசிறி விரித்தாற்போல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

1956-ல் மொராக்கோ சுதந்திரம் பெற்றது. தன் வசமிருந்த வடபகுதியை ஸ்பெயின் விட்டுக்கொடுத்தது. 1969-ல் தெற்கே அட்லாண்டிக் கரையில் இருந்த இஃப்னியையும் விட்டது. இந்த இரண்டு ஊரையும் விடவில்லை. இவை காலனிகள் அல்ல, எங்கள் நாட்டின் பிரிக்கமுடியாத பகுதி என்பது அதன் வாதம். 1995-ல் இரண்டுக்கும் தன்னாட்சி நகரங்கள் என்று தனிச்சட்டமே போட்டது. மொராக்கோ ஒத்துக்கொண்டதில்லை. 2002 ஜூலையில் செயுத்தா பக்கத்தில் ஆடு மேய்கிற ஒரு பாறைத்தீவில் மொராக்கோக்காரர்கள் சிலர் ஏறிக் கொடி நட, ஒரு வாரத்துக்குள் ஸ்பெயின் ஹெலிகாப்டரில் ஆள் இறக்கி அவர்களை அப்புறப்படுத்தியது. வரப்புத் தகராறில் அரிவாள் தூக்குவது நம் பக்கம் மட்டும் இல்லை.

வக்கீலாக எனக்கு இதில் ருசித்தது வேறு. நீரிணைக்கு வடகரையில், ஸ்பெயினின் காலடியிலேயே ஜிப்ரால்டர். 1713 உடன்படிக்கைப்படி பிரிட்டன் வசம். அதைத் திருப்பிக் கொடு என்று ஸ்பெயின் கேட்கிறது. தென்கரையில் அதையே மொராக்கோ ஸ்பெயினிடம் கேட்கிறது. ஒரே ஆசாமி ஒரு கோர்ட்டில் வாதி, அடுத்த கோர்ட்டில் பிரதிவாதி. அங்கே போட்ட பிராதை இங்கே தனக்கு எதிராகக் காட்டுவார்கள் என்ற கூச்சமே இல்லாமல் நடத்துகிறார். இப்படிப்பட்ட கட்சிக்காரர்கள் எனக்கும் உண்டு.

அதெல்லாம் சரி, என் வழக்குக்கு என்ன லாபம்? மெலில்லா ஸ்பெயின் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. கடைசியில் ஒரு காகிதம் கிடைத்தது. 1991-ல், ஐரோப்பிய நாடுகளுக்கு நடுவே எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் உடன்பாட்டில் சேரும்போது ஸ்பெயின் ஒரு அறிவிப்பைச் சேர்த்திருந்தது. பக்கத்திலுள்ள நாதோர், தெத்துவான் பகுதி மொராக்கோக்காரர்கள் விசா இல்லாமல் இந்த ஊர்களுக்குள் வந்து போகலாம் என்றது அது. அதற்கு ஈடாக, மெலில்லாவிலிருந்தும் செயுத்தாவிலிருந்தும் ஸ்பெயினின் மற்ற பகுதிக்குக் கப்பலிலோ விமானத்திலோ போகிறவர்களின் அடையாளத்தை ஸ்பெயின் சோதிக்கும். ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்திலும் இந்த ஊர்கள் சேர்த்தி இல்லை. ஆகவே ஆளுக்கும் சோதனை, சரக்குக்கும் சோதனை.

மொராக்கோவிடம் பேசும்போது அது ஸ்பெயின். என் கட்சிக்காரன் கப்பல் துறையில் போய் நிற்கும்போது அது ஸ்பெயினுக்கு வெளியே. இந்த இரண்டையும் எழுதி வைத்தது ஸ்பெயினேதான். எனக்கு வாதம் கிடைத்துவிட்டது.

எதிர்த்தரப்பில் ஆஜரானவர் எனக்கு இருபது வருஷம் மூத்தவர். சிவில், கிரிமினல் இரண்டிலும் கை தேர்ந்தவர்; கோர்ட்டில் குரல் உயர்த்தவே மாட்டார். நீதித்துறை நடுவர் இளம் வயதுப் பெண்மணி, வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பல வாய்தாவுக்குப் பிறகு 2009-ல் சாட்சி விசாரணை தொடங்கியது.

பெரியவர் கூண்டில் ஏறியதுமே அடி விழுந்தது.

"உங்க மகன் போன் பண்ணி ஸ்பெயின் வந்துட்டேன்னு சொன்னாரா?"

"சொன்னாங்க ஐயா."

"அதுக்கப்புறம்தான் ஒன்றரை லட்சம் குடுத்தீங்க?"

"ஆமாங்க ஐயா. சந்தோஷத்துல குடுத்தேங்க."

சந்தோஷத்தில் என்ற சொல்லை நடுவர் பதிவு செய்யவில்லை. மற்றதெல்லாம் பதிவானது.

அடுத்து மகன். சீனியர் கையில் ஒரு பள்ளிக்கூட அட்லஸ். அவர் பேத்தியுடையது, அட்டையில் லேபிள் ஒட்டியிருந்தது. ஆப்பிரிக்காப் பக்கத்தைத் திறந்து மேலே நீட்டினார். மத்தியதரைக் கடலுக்குக் கீழே, மொராக்கோவின் ஓரத்தில் ஒரு புள்ளி. பக்கத்தில் எறும்பு எழுத்தில் மெலில்லா என்ற பெயரும், அடைப்புக்குறிக்குள் ஸ்பெயினைக் குறிக்கும் இரண்டு எழுத்தும். நடுவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். கடைசியில் பெஞ்ச் கிளார்க் கைரேகை பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த இரண்டு எழுத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அன்றைய சாட்சியச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, நிரூபணம் கேட்காமலே கோர்ட் தானாக ஏற்க வேண்டிய விஷயங்களைப் பட்டியல் போட்டிருந்தது. நம் அரசு அங்கீகரித்த நாடுகள் எவை என்பது எட்டாவது இனம். உலகின் பூகோளப் பிரிவுகள் ஒன்பதாவது. சீனியர் எட்டைப் பிடித்தார். நான் எழுந்து ஒன்பதைப் பிடித்தேன். "அட்லஸில் மெலில்லா ஐரோப்பாப் பக்கத்தில் இல்லை அம்மா, ஆப்பிரிக்காப் பக்கத்தில்தான் இருக்கிறது. என் சீனியரே அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டினார்." சீனியர் சிரித்தார். பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்த நடுவரும் சிரித்த மாதிரி இருந்தது.

குறுக்கு விசாரணை தொடர்ந்தது. அங்கே பறந்தது என்ன கொடி? ஸ்பெயின் கொடி. போலீஸ்? ஸ்பெயின் போலீஸ். செலவழித்த காசு? யூரோ. கடைக்காரர்கள் பேசியது? ஸ்பானிஷ், மொராக்கோக்காரங்க பாஷையும் பேசுவாங்க. ஒவ்வொரு பதிலுக்கும் சீனியர் தலையை ஆட்டிக்கொண்டார். அத்தோடு உட்கார்ந்திருந்தால் நான் கவிழ்ந்திருப்பேன். ஆனால் எவ்வளவு தேர்ந்த வக்கீலுக்கும் ஒரு கேள்வி அதிகமாகக் கேட்கிற நாள் வரும்.

"மெலில்லாவுலேருந்து மலாகா போனீங்களா?"

"போனேன் சார்."

"மலாகா எங்க இருக்கு? ஐரோப்பாவுலதான?"

"ஆமா சார்."

"ஆக, ஆப்பிரிக்காவுலேயே விட்டுட்டாங்கன்னு நீங்க சொல்றதும் பொய்." உட்கார்ந்தார்.

மறு விசாரணையில் ஒரே கேள்விதான் கேட்டேன். மலாகாவுக்கு உன்னை யார் கூட்டிப்போனார்கள், எப்படி?

"போலீஸ் சார். ராத்திரிக் கப்பல்ல. கையில வெலங்கு போட்டிருந்துச்சு."

மலாகாவில் முப்பத்தாறு நாள் தடுப்பு முகாம். அன்றைய ஸ்பானிஷ் சட்டப்படி நாற்பது நாளுக்குமேல் வைக்க முடியாது. அதற்குள் நம் தூதரகக் காகிதம் வந்துவிட்டது. மாட்ரிட் விமான நிலையத்துக்கு வேனில் கொண்டுபோனார்கள். வேன் ஜன்னலில் கம்பி வலை. அவன் பார்க்க ஆசைப்பட்ட ஸ்பெயினை அந்த வலை வழியாகத்தான் பார்த்தான். "ரோடு நல்லா இருந்துச்சு சார்," என்றான் என்னிடம்.

அவன் அங்கே இருந்த காலம் சாதாரணக் காலமும் அல்ல. 2005 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்க இளைஞர்கள் மரக்கிளையில் ஏணி கட்டிக்கொண்டு இரண்டு ஊர் வேலிகளையும் இரவோடு இரவாக ஏற முயன்றார்கள். பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அதன் பிறகு மெலில்லா வேலி ஆறு மீட்டராக உயர்ந்தது. முகாமில் வெள்ளை மாத்திரைப் பட்டைகளோடும் கைக்கட்டோடும் வந்து படுத்தவர்களை இவன் பார்த்திருக்கிறான். தனக்குக் கார் கிடைத்ததே அப்பா நிலம் விற்றதால்தான், காசில்லாதவனுக்குத்தான் வேலி என்று சொன்னான். 2022 ஜூன் 24-ஆம் தேதி அதே மெலில்லா எல்லையில் குறைந்தது இருபத்து மூன்று பேர் நெரிசலில் செத்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த வாக்கியம்தான் நினைவுக்கு வந்தது.

வாதத்துக்கு நாள் குறித்தார்கள். ஒப்பந்தத்தில் ஸ்பெயின் என்று எழுதியிருக்க, ஏஜெண்டு வாயால் சொன்னது பார்சிலோனா என்று சாட்சி சொல்ல முடியுமா என்பதே சட்டச் சிக்கல். இதற்கும் அதே 1872ஆம் வருஷச் சட்டத்தில் வழி இருந்தது. 96ஆவது பிரிவு. ஒரு பெயர் இரண்டு இடத்துக்குப் பொருந்தும் என்றால், எந்த இடத்தை மனதில் வைத்து எழுதினார்கள் என்று காட்டச் சாட்சியம் விடலாம். அதற்குச் சட்டமே தந்த உதாரணம் ஹைதராபாத். ஒருவன் உன்னோடு ஹைதராபாத் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டால், அது தக்காண ஹைதராபாத்தா, சிந்து ஹைதராபாத்தா என்று நிரூபிக்கலாம். அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதே எனக்கு ஒன்று உறைத்தது. மெலில்லாவில் தீபாவளியன்று பையனைக் கூப்பிட்டு லட்டு கொடுத்து, சனிக்கிழமைகளில் பெட்டி இறக்கிவைக்க வேலையும் கொடுத்தவர் ஒரு சிந்திக் கடைக்காரர். பல தலைமுறைக்கு முன்பே வியாபாரத்துக்காக அந்தக் கரைக்கு வந்து தங்கிய குடும்பங்கள் அவை; செயுத்தாவிலும் உண்டு. அவருடைய தாத்தாவின் ஊர் எது என்று பையன் முன்பே சொல்லியிருந்தான். சிந்து ஹைதராபாத். கோர்ட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள்.

சீனியர் அதற்கு அசரவில்லை. வெளிநாட்டை விட்டுவிட்டு உள்ளூருக்கு வந்தார்.

"அம்மா, நாகப்பட்டினத்துலேருந்து மாயவரம் போற பஸ் காரைக்கால் வழியா போகுது. நாலு பக்கமும் தமிழ்நாடும் கடலும். காரைக்கால் யாருது? புதுச்சேரி. மாஹே கேரளாக் கரையில இருக்கு. அது யாருது? புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் கடை போட்ட ஊருங்க பலதும் ஒரே நிர்வாகமாகிடுச்சு. புதுச்சேரியில கொண்டுபோய் விடறேன்னு எழுதிக்குடுத்துட்டு ஒருத்தர காரைக்கால்ல இறக்கிவிட்டா, ஒப்பந்த மீறல்னு சொல்லலாமா?"

கோர்ட் கலகலத்தது. நல்ல அடி. நடுவர் என்னைப் பார்த்தார்.

"காரைக்காலிலிருந்து வரும்போது செக்போஸ்ட்டில் பையைத்தான் அம்மா பார்ப்பார்கள். ஆளை யாரும் கேட்பதில்லை. காரைக்கால்காரன் பஸ் ஏறிப் புதுச்சேரி போனால் கையில் விலங்கு போடுவதில்லை." 1991 அறிவிப்பின் நகலை நீட்டினேன். இன்டர்நெட் காகிதம் என்று சீனியர் ஆட்சேபித்தார். வெளிநாட்டுச் சட்டத்தை நிபுணர் மூலம் நிரூபிக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். ஸ்பானிஷ் சட்ட நிபுணருக்கு எங்கள் தாலுகாவில் நான் எங்கே போவது? ஆட்சேபணைக்கு உட்பட்டு என்று குறித்து நடுவர் அதை வாங்கிக்கொண்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் இரண்டு தரப்புமே தொடாமல் விட்ட ஒன்று இருந்தது. விசா இல்லாமல் ஒருவனைக் காருக்குள் ஒளித்து எல்லை கடத்துவதற்கான ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி செல்லவே செல்லாது. செல்லாத ஒப்பந்தத்தில் என்ன கடன், அதற்கு என்ன செக்? ஒரே வாக்கியத்தில் என் வழக்கை முடித்திருக்கலாம். சீனியர் அதை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் கட்சிக்காரர் பதிவில்லாமல் ஆள் அனுப்பினார் என்று ஒத்துக்கொண்டதாகும். 1983ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டம் அவரை விடாது. நான் எடுக்காத காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆக, இருவரும் அந்தக் குழியைச் சுற்றிக்கொண்டு போய், மெலில்லா ஸ்பெயினா ஆப்பிரிக்காவா என்று மணிக்கணக்கில் பேசினோம். நடுவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ஒருமுறை ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு, "விசா பத்தி இதுல ஒண்ணும் இல்லையே?" என்றார். இருவருமே, "இல்லை அம்மா," என்றோம். இருபது வருஷ வித்தியாசமுள்ள நாங்கள் இருவரும் ஒரே குரலில் பேசியது அந்த வழக்கில் அந்த ஒரு தடவைதான்.

2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரங்கப்பா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. செக்கில் கையெழுத்தை ஒப்புக்கொண்டால், சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்தது என்பதையும் சேர்த்தே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139ஆவது பிரிவின் கீழ் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று காட்டுவது எதிரியின் பொறுப்பு. நகலை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த வருஷக் கடைசியில் எங்கள் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆறு மாதம் சாதாரணச் சிறை, நான்கு லட்சம் இழப்பீடு.

தீர்ப்பு நகல் வாங்கி முதலில் மெலில்லாவைத்தான் தேடினேன். பன்னிரண்டு பக்கத்தில் மூன்று வரி. அந்த இடம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்ற கேள்விக்குள் இந்த வழக்கைத் தீர்மானிக்கப் போகத் தேவையில்லை, எதிரி செக் கொடுத்ததே பணம் திருப்பித் தரவேண்டியதை ஒப்புக்கொண்டதாகும், மிரட்டல் நிரூபிக்கப்படவில்லை. அவ்வளவுதான். பீரங்கிக் குண்டும் ஜிப்ரால்டரும் ஷெங்கனும் பிரௌசிங் சென்டருக்குக் கொடுத்த பணமும் காற்றோடு போயின. கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், அவர் புத்திசாலி. ஐந்நூறு வருஷமாக ராஜாக்களால் முடிக்க முடியாததை ஒரு நீதித்துறை நடுவர் ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்?

2020 ஜூலையில், புகலிடம் கேட்டு மனு ஏற்கப்பட்டவர்கள் செயுத்தாவிலிருந்தும் மெலில்லாவிலிருந்தும் ஸ்பெயினின் எந்தப் பகுதிக்கும் போகலாம், போலீஸ் தடுக்கக்கூடாது என்று ஸ்பானிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதைப் படித்தேன். என் பையன் புகலிடம் கேட்டவனல்ல, அது அவனுக்கு உதவியிருக்காது. ஆனாலும் அந்தத் தீர்ப்பை ஒரு தடவை சீனியரிடம் காட்ட ஆசைப்பட்டேன். அவர் அதற்கு முந்தைய வருஷமே காலமாகிவிட்டார்.

ஏஜெண்டு அப்பீல் போனார். மாவட்ட நீதிமன்றத்தில் இரண்டு வருஷம் இழுத்து, கடைசியில் லோக் அதாலத்தில் மூன்றரை லட்சத்துக்குச் சமாதானம், இரண்டு தவணை. பெரியவர் அடமானத்தை மீட்டார். விற்ற நிலம் விற்றதுதான்.

வழக்கு முடிந்து சில மாதம் கழித்துப் பையன் வந்தான். கோர்ட்டில் தாக்கல் செய்த அசல் காகிதங்களைத் திரும்ப வாங்க மனுப் போடலாமா என்று கேட்டான். போட்டோம். ஒப்பந்தம், செக், மெமோ, முகாமில் அவனுக்குக் கொடுத்த அடையாள அட்டை, எல்லாவற்றையும் குமாஸ்தா ஒரு கவரில் வாங்கி வந்தார். அவன் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் மேஜையிலேயே விட்டுவிட்டான். முனை மடங்கிய பிளாஸ்டிக் அட்டை, மேலே கோர்ட் முத்திரையும் சான்றாவண எண்ணும்.

"இத வச்சு என்ன தம்பி பண்ணப்போற?"

சட்டைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னான்: "போட்டோ நல்லா வந்திருக்கு சார், அதான்."